மிச்சமாக விட்ட துண்டு

என் வலது கண்ணில் ஏதோ பிழை இருக்கிறது என்பதை எனக்கு முதலில் காட்டித் தந்தது தையல் ஊசிதான். 2015 ஆம் ஆண்டு மார்கழி மாதம். புதிய தவணைக்குப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளைத் தைத்துக் கொடுக்க வேண்டிய காலம். புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் மெசினுக்கு முன்னால் இருந்து நூல் கோர்க்கப் பார்க்கிறேன், ஊசிக்கண் இரண்டாகத் தெரிகிறது. ஒரு கண்ணைக் கையால் பொத்தினால் ஒன்றாகத் தெரியும். கையை எடுத்தால் மறுபடியும் இரண்டு. 41 வயதாகிவிட்டது, இனிக் கண்ணாடி போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தலையிடி அதற்கு முன்பே இருந்தது. ஆனால் சகோதரிகளே, எங்களுக்குத் தலையிடி ஒரு வருத்தமா? 2009 க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் தலையிடி இல்லாத பெண் யார்? மருந்து எடுக்கப் போன இடத்திலும் "யோசிக்கிறதை விடுங்கோ அம்மா, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிப் பனடோல் தந்தார்கள். நானும் அதை நம்பினேன். யோசிப்பதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன. என் கணவரை 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டேன். இரண்டு பிள்ளைகளையும் அம்மாவையும் தையல் மெசினையும் வைத்துக்கொண்டு யோசிக்காமல் எப்படி இருப்பது? இப்படியே ஏழெட்டு மாதங்கள் போயின.

மகளின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது நானும் ஒரு படம் எடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள், "அம்மா, உங்கட ஒரு கண் மற்றக் கண்ணை விட வெளியால வந்த மாதிரி ஏன் இருக்கு?" கண் கிளினிக்கில் இருந்த வைத்தியர் லைட் பிடித்து உள்ளே பார்த்தார். அதிகம் கதைக்கவில்லை. அன்றைக்கே ஸ்கானுக்குக் கடிதம் எழுதித் தந்தார். அவர் இல்லாவிட்டால் நான் இன்னும் எத்தனை மாதம் பனடோல் போட்டிருப்பேனோ தெரியாது.

சீ.ரி. ஸ்கானில் வலது கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த ஸ்கான் அறை வாசலில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன். ஏனென்றால் இதை வாசிப்பவர்களில் பலருக்கு அது என்றைக்காவது தேவைப்படலாம்.

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தத்தால் எடுக்கும் படம். உள்ளே போகுமுன் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வளையல், தோடு, சட்டைப்பின் எல்லாம் கழற்றினேன். தாலியையும் கழற்றச் சொன்னார்கள். கொடி 2009 இலேயே விற்றுச் சாப்பிட்டாயிற்று. தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோர்த்துப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரு நாளும் கழுத்தை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் அவர் இல்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். கூட வந்த என் மச்சாள் அதைப் புரிந்துகொண்டாள். "கழற்றேல்லை அடி, என்னட்டப் பாரம் குடுக்கிறாய், அவ்வளவுதான்" என்று சொல்லித் தன் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. சிங்களத்தில் கேட்டார்கள், அங்கிருந்த ஒரு தமிழ் ஊழியர் திருப்பிச் சொன்னார். "உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கா?"

"இல்லை" என்று சொன்னேன்.

இருந்தது. 2009 சித்திரையில் மாத்தளனில் விழுந்த செல்லின் துண்டுகள் என் வலது தொடையிலும் தோளின் பின்பக்கத்திலும் இன்னும் இருக்கின்றன. அப்போது எடுப்பதற்கு ஆள் இல்லை, மருந்தும் இல்லை. புண் தானாகவே மூடிக்கொண்டது. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அந்தத் தழும்புக்காக எத்தனை தரம் விசாரிக்கப்பட்டேன் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. காயம் இருந்தால் சண்டை பிடித்தவள் என்று நினைப்பார்கள். நான் தையல்காரி என்று சொன்னால் யார் நம்பினார்கள்? அன்றிலிருந்து யார் கேட்டாலும் "இல்லை" என்று சொல்வது வாய்க்குப் பழகிவிட்டது.

கதவு வரைக்கும் போய்விட்டேன். கதவில் காந்தத்தின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அந்த ஊழியர் ஏதோ நினைத்தவராய் மெதுவாக என் பக்கத்தில் வந்து சொன்னார், "அம்மா, இது பொலிஸ் கேக்கிற கேள்வி இல்லை. உள்ள இரும்பு இருந்தால் காந்தம் இழுக்கும், சூடாக்கும். கண்ணுக்குள்ளயோ பெரிய நாடிக்குப் பக்கத்திலயோ இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதுக்குத்தான் கேக்கிறம்." எனக்குக் கால் நடுங்கியது. "இருக்கு தம்பி" என்றேன். அவர் கோபிக்கவில்லை, ஏன் ஒளித்தீர்கள் என்றும் கேட்கவில்லை. அன்று ஸ்கான் எடுக்கவில்லை. முதலில் தலை முதல் கால் வரை எக்ஸ்றே எடுத்தார்கள். அரிசி மணி போல இரண்டும் புளியங்கொட்டை அளவில் ஒன்றுமாக மூன்று துண்டுகள். தலையில், கண்ணில், நெஞ்சில், பெரிய நாடிகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, தசைக்குள் பல வருடமாக இறுகிப்போய் இருக்கின்றன, எடுக்கலாம் என்று நிபுணர் முடிவு செய்தார். மூன்றாம் நாள் கையில் ஒரு பந்தைத் தந்து, சூடோ நோவோ தெரிந்தால் அமத்தச் சொல்லி உள்ளே விட்டார்கள். தொடையில் இலேசான சூடு மாதிரி இருந்தது, அல்லது பயத்தில் அப்படி நினைத்தேனோ தெரியாது. வேறொன்றும் நடக்கவில்லை.

எல்லோருக்கும் இதே பதில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். துண்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து வேறு ஸ்கானோடு நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். ஆனால் அதைத் தீர்மானிக்க அவர்களுக்கு விசயம் தெரிய வேண்டும். எத்தனை பேர் நாங்கள் உடம்புக்குள் இரும்போடு திரிகிறோம்!

2016 ஐப்பசியில் சத்திரசிகிச்சை நடந்தது. மண்டையோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து செய்தார்கள். மெனிஞ்சியோமா என்பது கட்டியின் பெயர். இது மூளையிலிருந்து வளர்வதில்லை, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து வளர்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. எடுத்த கட்டியைச் சோதித்து முதலாம் தரம், புற்றுநோய் இல்லை என்று சொன்னார்கள். என் தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து "அக்கா, எல்லாம் எடுத்தாச்சு, இனி ஒண்டும் இல்லை" என்றான். அன்றைக்கு நான் அழுத அழுகை சந்தோசத்தால் வந்தது. தலையிடி போய்விட்டது. ஊசிக்கண் முழுக்கச் சரியாகாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றாகத் தெரிந்தது. 2017 இல் ஒரு ஸ்கான் எடுக்கவும் தம்பிதான் கூட வந்தான், வைத்தியரோடு அவன்தான் கதைத்தான். "எல்லாம் நல்லம்" என்றான்.

2018 தை மாதம் தம்பிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. மச்சாளோடு போனேன். அன்று கிளினிக்கில் இருந்தவர் தமிழ் பேசும் ஓர் இளம் வைத்தியர். ஸ்கானைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, மிச்சம் விட்ட துண்டு கொஞ்சம் வளர்ந்திருக்கு" என்றார்.

"என்ன மிச்சம்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், மச்சாளைப் பார்த்தார். பிறகு என் கிளினிக் கொப்பியைத் திருப்பி ஓர் இடத்தைக் காட்டினார். ஒப்பரேசன் குறிப்பில் ஆங்கிலத்தில் "சிம்சன் 4" என்று எழுதியிருந்தது. டொனால்ட் சிம்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1957 ஆம் ஆண்டிலேயே, இந்தக் கட்டியில் எவ்வளவை எடுத்தோம், எவ்வளவை விட்டோம் என்பதை வைத்து ஐந்து படிகள் வகுத்திருக்கிறார். முதலாவது என்றால் வேரோடு எடுத்தது. நான்காவது என்றால் ஒரு பகுதியை உள்ளே விட்டது. விட்டது கூட என்றால் திரும்ப வளரும் வாய்ப்பும் கூட. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த எண்ணை என் கைப்பையில் நானே காவிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வாசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் எடுத்தேன். முதலில் மழுப்பினான். பிறகு அழுதான். "அக்கா, நீங்கள் எவ்வளவைத் தாங்கிப்போட்டியள். இதையும் சொல்லி உங்களை வருத்த எனக்கு மனம் வரேல்லை" என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. 2017 மார்ச் மாதம் முதல் முல்லைத்தீவில் தெருவோரப் பந்தலில் என் கணவரின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்களுக்கு என்ன நடந்தது என்ற உண்மையைச் சொல்லுங்கள், எதுவாக இருந்தாலும் தாங்குகிறோம் என்றுதானே வெயிலில் கேட்டுக்கொண்டிருந்தோம்! என் தலைக்குள் இருப்பதை என் வீட்டிலேயே எனக்கு ஒளித்துவிட்டார்களே! இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை. அவன் அன்பினால்தான் செய்தான் என்பது அப்போதும் தெரியும். ஆனாலும் கதைக்க மனம் வரவில்லை. நான் ஸ்கான் அறை வாசலில் சொன்ன "இல்லை"யும் ஞாபகம் வந்தது. அது கோபத்தைக் குறைக்கவில்லை, ஆனால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு என் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். முதலாவது கேள்வி: ஏன் முழுவதையும் எடுக்கவில்லை? வைத்தியர் தாளின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன இடம். அதற்குள்ளால் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடியும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் போகின்றன. கட்டியின் ஒரு பகுதி அவற்றைச் சுற்றிப் பிடித்திருந்தது. "அதைச் சுரண்டி எடுக்க வெளிக்கிட்டிருந்தால் உங்களுக்குப் பாரிசவாதம் வந்திருக்கலாம், கண் அசையாமல் போயிருக்கலாம். கை காலோட நீங்கள் எழும்பி நடக்கோணும் எண்டுதான் அதை விட்டவை." முள்ளுக்கம்பியில் சிக்கிய சீலையை இழுத்தால் கிழியும், சிக்கின துண்டை வெட்டி விட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவோமே, அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி: இனி என்ன செய்வது? வளராமல் இருந்தால் ஸ்கான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பலருக்கு அதுவே போதும் என்றார். ஆனால் என்னுடையது வளரத் தொடங்கிவிட்டது, கண் நரம்பை நோக்கிப் போகிறது. இன்னொரு ஒப்பரேசனிலும் அதே ஆபத்து. மிஞ்சியது கதிர்ச்சிகிச்சை. "அது கட்டியைக் கரைச்சு எடுக்காது அம்மா. வளர விடாமல் நிப்பாட்டும். ஸ்கானில துண்டு அப்பிடியே இருக்கும். அப்பிடியே இருந்தால் அதுதான் வெற்றி" என்றார். இந்த ஒரு வசனத்தை அவர் முதலிலேயே சொல்லியது எவ்வளவு நல்லது என்று பின்னர் உணர்ந்தேன். இல்லாவிட்டால் ஆறு கிழமை பாடுபட்ட பிறகும் துண்டு அங்கேயே இருக்கிறதே என்று மனமுடைந்திருப்பேன்.

ஆனி மாதம் தொடங்க வேண்டும் என்றார்கள். மகளுக்கு அந்த ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை. நான் பரீட்சை முடியட்டும் என்று வாய் திறக்க முதலே மகள் சொன்னாள், "அம்மா, நீங்கள் இங்க இருந்து எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தாறதை விட, போய்ச் சுகமாகி வாறதுதான் எனக்கு வேணும். அம்மம்மா இருக்கிறா." தம்பி பணம் கொண்டுவந்து தந்தான். வாங்கினேன். அன்றைக்குத்தான் மறுபடி கதைத்தோம். கதைத்தது பஸ் நேரத்தைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் இதைக் "கரன்ட் பிடிக்கிறது" என்பார்கள். அந்தச் சொல்லே பயத்தைத் தருகிறது. உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. எக்ஸ்றே படம் எடுக்கும் கதிர் போன்றது, ஆனால் அதைவிடப் பல மடங்கு வலு உள்ளது. அதைப் பல பக்கங்களிலிருந்தும் அந்தத் துண்டை நோக்கிக் குவித்து விடுகிறார்கள். தொடக்கூட இல்லை, நோவும் இல்லை.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலை வாசலில் இறங்கியபோது நெஞ்சு அடைத்தது. மகரகம என்றால் புற்றுநோய் என்றுதானே எங்கள் சனத்துக்குத் தெரியும். என்னுடையது புற்றுநோய் இல்லை என்று தெரிந்தும் அந்த வாசலை மிதிக்கக் கால் கூசியது. நான் கிருலப்பனையில் மச்சாள் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில் தங்கி, காலையில் 138 ஆம் இலக்க பஸ்ஸில் போய் வந்தேன். வைத்தியத்துக்குக் காசு இல்லை. பஸ், சாப்பாடு, தையல் இல்லாமல் போன வருமானம், இவைதான் செலவு.

முதலில் முகமூடி செய்தார்கள். துளைகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் தகட்டைச் சுடுதண்ணீரில் போட்டால் அது துணி போல இளகுகிறது. அதை எடுத்து முகத்தின் மேல் விரித்து அமத்திப் பிடிக்கிறார்கள். இளஞ்சூடாக இருக்கிறது. சில நிமிடங்களில் முகத்தின் வார்ப்பாக இறுகிவிடுகிறது. அதை மேசையோடு பூட்டினால் தலை ஒரு நூல் அளவும் அசையாது. கதிர் நரம்பில் படாமல் துண்டில் படுவதற்குத்தான் இந்தப் பூட்டு. குறிகளையும் முகத்தில் போடாமல் முகமூடியிலேயே போடுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டே ஸ்கான் எடுத்து, எங்கே எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் பார்க்கச் சில நாட்கள் எடுக்கின்றன.

முதல் நாள் பூட்டியதும் நான் சத்தம் போட்டேன். 2009 இல் ஒருநாள் எங்கள் பங்கர் மண் சரிந்து முகத்தை மூடியது. கொஞ்ச நேரம்தான், இழுத்து எடுத்துவிட்டார்கள். அந்த மண்ணின் பாரம் அப்படியே முகத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. கையை உயர்த்தினேன். உடனே ஓடிவந்து கழற்றினார்கள். அந்த அறைக்குள் வேறொருவரும் நிற்க முடியாது, ஆனால் கமராவில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், கை உயர்த்தினால் மெசினை நிறுத்துவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு நிச்சயமானது. மெசினை இயக்கும் சிங்களப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு "மூச்சு, அம்மா, மூச்சு" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அன்று மூன்றாம் தரம்தான் செய்ய முடிந்தது. பங்கருக்குள் இருந்தவர்கள், அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் முகமூடி செய்யும் நாளிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போனதால் பட்ட பாடு அது. மனதை ஆற்ற மருந்தும் தருவார்கள் என்று பிறகு அறிந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒரு சட்டை தைப்பேன். அளவெடுத்து, துணி மடித்து, சோக்கால் கீறி, முன்பக்கம் வெட்டி, பின்பக்கம் வெட்டி, கை வெட்டும்போது கதவு திறக்கும் சத்தம் கேட்கும். அவ்வளவு நேரம்தான். வரிசையில் இருக்கும் நேரம்தான் மணிக்கணக்கு.

மொத்தம் 54 கிரே. கிரே என்பது கதிரின் அளவு. ஒரு நாளைக்கு 1.8 வீதம் 30 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு கிழமை. இடையில் பொசன் போயா வந்ததால் ஒரு நாள் பிந்தியது. ஏன் ஒரேயடியாகக் கொடுத்து முடிக்கக் கூடாது என்று கேட்டேன். பக்கத்தில் இருக்கும் நல்ல கலங்கள் ஒவ்வொரு நாளும் தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ள நேரம் வேண்டுமாம். கட்டியின் கலங்களுக்கு அப்படித் திருத்திக்கொள்ளும் திறமை குறைவு. கண் நரம்பு தாங்கக்கூடிய அளவுக்குள் நிற்க வேண்டும் என்பதாலும்தான் அந்தக் கணக்கு. மருந்துக்கு மருந்து என்று நினைத்து ஒரு நாளையும் விட்டுவிடக் கூடாது என்று சொன்னார்கள். நான் ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலோடும் போனேன்.

மூன்றாம் கிழமை வலது நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் முடி கைநிறைய வந்தது. தலை முழுவதும் இல்லை, கதிர் போன பாதையில் மட்டும். வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருக்கும் மொனராகலைப் பக்கத்து அம்மா ஒருவர் அதைக் கண்டுவிட்டு அடுத்த நாள் ஒரு பின்னல் தொப்பி கொண்டுவந்து தந்தார். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. தொப்பி சரியான அளவாக இருந்தது.

களைப்பைப் பற்றி ஒருவரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கி மாடிப்படி ஏறுவதற்கே இடையில் இருந்து எழும்ப வேண்டும். சிகிச்சை முடிந்தவுடன் அது போய்விடும் என்று நினைத்தேன். முடிந்த பிறகு இரண்டு மூன்று கிழமைகள் இன்னும் மோசமாக இருந்தது. பிறகுதான் மெல்ல மெல்லக் குறைந்தது. வீக்கத்துக்கு டெக்சாமெதசோன் குளிசை தந்தார்கள். சாப்பிட்ட பிறகே போட வேண்டும். அதைப் போட்டால் இரவில் நித்திரை இல்லை, கண்டதையெல்லாம் சாப்பிடச் சொல்லும், முகம் ஊதும், சிலருக்குச் சீனி ஏறும். பிடிக்கவில்லை என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது. வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் ஒருவர் தன் சின்னப் பிள்ளையை என்னிடம் வர விடவில்லை. கரன்ட் பிடித்த உடம்பு, பிள்ளைக்குத் தொற்றும் என்று நினைத்திருக்கிறார். இந்த வகைச் சிகிச்சையில் மெசின் நின்றதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் ஒன்றும் தங்காது, பிள்ளையைத் தூக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு வந்து சொன்னேன். அவர் நம்ப ஒரு மாதம் எடுத்தது. இப்போது அந்தப் பிள்ளை என் மெசினுக்கு அடியில் இருந்துதான் துணித்துண்டு பொறுக்குகிறது.

ஏன் எனக்கு வந்தது என்ற கேள்வி இன்றைக்கும் இருக்கிறது. செல் சத்தத்தால், புகையால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை என்றுதான் வைத்தியர் சொன்னார். 2024 இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. குடும்பத்திட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்ட பெண்களுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு கூட என்று அது சொல்கிறது. மகன் பிறந்த பிறகு நானும் சில காலம் போட்டேன். அதனால்தான் வந்தது என்று ஒருவரும் சொல்ல முடியாது. கட்டியே அரிதான ஒன்று, ஆகவே ஊசி போடுகிறவர்கள் பயந்து பாதியில் விட வேண்டியதில்லை. பல வருடம் தொடர்ந்து போடுகிறவர்கள் மருத்துவமாதுவிடம் ஒரு கதை கேட்டு வைப்பது நல்லது. மெனிஞ்சியோமா இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மகள் பரீட்சையில் சித்தியடைந்தாள். முடி நான்கைந்து மாதத்தில் வளர்ந்தது, ஒரு சதம் அளவு இடத்தில் மட்டும் வரவேயில்லை. சீவி மறைத்துக்கொள்வேன். 2020 இல் கொரோனாவால் ஒரு ஸ்கான் பிந்தியது. 2022 இல் எரிபொருள் இல்லாத காலத்தில் பஸ்ஸும் இல்லை, ஆஸ்பத்திரியில் வலிப்புக் குளிசையும் இல்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு ஒருமுறை எனக்கு வலிப்பு வந்தது, அதற்காகப் போடும் குளிசை அது. வெளியில் வாங்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். தம்பி எங்கிருந்தோ வாங்கி அனுப்பினான். அந்த ஒன்றை மட்டும் நிறுத்தாமல் போட்டேன்.

கடைசி ஸ்கானில் துண்டு 2018 இல் இருந்த அளவிலேயே இருந்தது. ஒரு பக்கம் சற்றுச் சுருங்கியது போலவும் தெரிகிறது என்றார்கள். வலது கண் பார்வை முன்னைய அளவுக்கு இல்லை, ஆனால் போகவில்லை. இப்போது நூல் கோர்க்கக் கம்பி ஒன்று வைத்திருக்கிறேன். மாலையில் கண் களைத்தால் மறுபடியும் இரண்டாகத் தெரியும், அப்போது மெசினை மூடிவிடுவேன். மறதியும் கொஞ்சம் இருக்கிறது. யாருடைய அளவு என்று கொப்பியில் எழுதாமல் விட்டால் அவ்வளவுதான்.

ஸ்கானுக்குப் போவதற்கு முதல் நாள் தாலியை நானே வீட்டில் கழற்றி மகளின் கையில் கொடுக்கிறேன். திரும்பி வந்ததும் அவள் போட்டுவிடுகிறாள். உடம்பில் உள்ள மூன்று துண்டுகளும் எங்கே இருக்கின்றன என்று அன்றைய நிபுணர் எழுதித் தந்த சிறு கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறை போட்டு, எக்ஸ்றேயோடு சேர்த்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். யாரும் கேட்க முதலே எடுத்து நீட்டிவிடுவேன். "சிம்சன் 4" என்று எழுதிய பக்கத்தில் மகள் பென்சிலால் தமிழில் விளக்கம் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த ஸ்கான் மாசி மாதம். இரவு பஸ்ஸுக்கு இரண்டு நாள் முந்தியே ரிக்கற் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வரிசைதான் கிடைக்கும்.